காத்தாடி சுத்துச்சா மாப்ளே?

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் வெயிலைத் திட்டுகிறவனை யாரும் மதிப்பதில்லை. காரணம், அதுதான் முதலாளி. தீக்குச்சி காய வேண்டும். பட்டாசுத் திரி காய வேண்டும். அச்சடித்த லேபிள் காய வேண்டும். சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பேர் வந்ததில் மேகத்துக்குப் பங்கே கிடையாது. 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இங்கே கடை விரித்தபோது, கூலி கேட்காமல் காயவைத்துக் கொடுக்க ஓர் ஆள் தலைக்கு மேலே தயாராக நின்றுகொண்டிருந்தான். இந்த ஊரில் எது வேண்டுமானாலும் காயலாம். காயக் கூடாத ஒரே ஐட்டம், கார் ரேடியேட்டர்!

இதை எனக்குப் புரியவைத்தவர் என் தாய்மாமா. சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் இருக்கிறார். (தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் ஏராளம். இனிஷியல் போடாவிட்டால் தபால் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும்.) முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். முதலில் லாரி. பிறகு, விடியற்காலையில் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிப் பட்டாசு ஆலையில் இறக்கிவிடும் வேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக் கவலைப்படுவதுதான் இப்போது முழுநேர வேலை.

நான் காரில் போய் இறங்கினால் மற்ற வீடுகளில் மாதிரி 'சாப்டியா?' என்று கேட்கமாட்டார். அது அத்தையின் டிபார்ட்மென்ட். இவர் எழுந்து வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி பானெட்டின் மேல் புறங்கையை வைப்பார். அப்புறம்தான் முதல் கேள்வி.

"காத்தாடி சுத்துச்சா மாப்ளே?"

ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் வாரத்தில் ஐந்து நாள் டூ வீலர் ஆசாமிகள். டூ வீலரில் முக்கால்வாசி காற்றிலேயே ஆறிக்கொள்ளும் ஜாதி. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், காத்தாடியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையைக் கழற்றிக் காரை எடுக்கிறோம். பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறோம், ஏசியைப் போடுகிறோம், பாட்டைப் போடுகிறோம். டெம்பரேச்சர் முள் என்று ஒன்று அந்த மூலையில் நிற்பதை, ஆபீஸில் ரிடயர்மென்ட்டுக்கு ஆறு மாசம் இருக்கிற ஹெட்கிளார்க்கைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறோம். இருக்கிறார். இருக்கட்டும்.

நான் பி.காம். எனக்கு எதையும் பற்று வரவாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். எனவே ஐந்தொகையாகவே போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். சக்கரம் சுற்றுவதற்கென்று உருப்படியாகச் செலவாவது சுமார் முப்பது ரூபாய். இன்னொரு முப்பது, முப்பத்தைந்து ரூபாய் சைலன்சர் வழியாகச் சூடான புகையாக ஊருக்குத் தானம். மிச்சத்தில் பெரும்பகுதி, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, எஞ்ஜினின் உடம்பைச் சுடவைக்கிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். ரேடியேட்டர் அதைக் காற்றிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாக்கி ஏறும். பாக்கி ஏறினால் என்ன ஆகும் என்பது வட்டிக்கு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கணக்கு. மூன்று சிலிண்டர் சின்னக் கார், நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 75 தடவை உள்ளே வெடிக்கிறது. ஆயிரம்வாலா சரத்தைப் பதின்மூன்றே வினாடியில் தீர்த்துவிடும் வேகம்! கம்பி மத்தாப்பு 1,000 டிகிரிக்கு மேல் எரியும். எஞ்ஜினுக்குள் தீ பிடிக்கும் அந்தக் கணத்தில் சூடு 2,000 டிகிரியையும் தாண்டும். ஆனால் பிஸ்டன் செய்திருக்கிற அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் உலோகம். அது உருகாமல் நம்மைக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நேரத்துக்குக் கொண்டுசேர்ப்பது நாலைந்து லிட்டர் தண்ணீரும் ஒரு காத்தாடியும்தான்.

அந்தக் காத்தாடியின் சுபாவம் விசேஷமானது. கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து வேலையைப் பார்த்துவிடும். ஃபேனுக்கு அநேகமாக லீவு. கார் நின்றால்தான் டியூட்டி. மற்றவர்கள் எல்லாம் ஓய்வெடுக்கும்போது மட்டும் வேலை பார்க்கும் பிறவிகள் உலகத்தில் இரண்டு. ஒன்று, கார் ஃபேன். இன்னொன்று, பாங்க் வாட்ச்மேன்.

அம்பாசடர் காலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. எஞ்ஜின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் காத்தாடி சுற்றும். (அந்த மாதிரி பெல்ட்டுகளுக்குப் பேர்போன ஃபென்னர் ஆலை நம் மதுரை கோச்சடையில்தான். டிரைவர்கள் ஃபேன் பெல்ட் என்று கேட்க மாட்டார்கள், 'ஃபென்னர் குடுங்க' என்பார்களாம்.) எளிமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கோளாறு. டிராஃபிக்கில் எஞ்ஜின் மெதுவாக ஓடும்போதுதான் காற்று அதிகம் தேவை. அப்போது காத்தாடியும் மெதுவாகச் சுற்றும். ஹைவேயில் பறக்கும்போது காற்று தானாகவே வருகிறது. அப்போது பார்த்து அசுர வேகத்தில் சுற்றும். இலையை மடித்த பிற்பாடு சாம்பார் வாளியோடு ஓடி வருகிறவன் மாதிரி.

அதனால்தான் கொடைக்கானல் மலைப்பாதையில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிய அந்தக் கால வண்டிகள் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வந்ததும் வரிசையாகப் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன. பயணிகள் அருவியைப் பார்த்தார்கள். டிரைவர்கள் ஆவியைப் பார்த்தார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் சாமானிய இந்தியனின் காரில் காத்தாடிக்குத் தனி மோட்டார் வந்தது. ஃபேஷனுக்காக அல்ல. அந்தக் காரில் எஞ்ஜினைக் குறுக்குவாட்டில் படுக்கவைத்திருந்தார்கள். எஞ்ஜினின் முனை பக்கவாட்டைப் பார்க்கிறது, ரேடியேட்டர் முன்பக்கம் பார்க்கிறது. பெல்ட்டைப் போட்டுக் காத்தாடியைச் சுழற்ற வழியில்லை. எனவே கரண்ட் மோட்டார். தண்ணீரின் சூடு ஏறக்குறைய 95 டிகிரியைத் தொட்டால் தானே ஓடும், ஐந்தாறு டிகிரி இறங்கினால் தானே நிற்கும். வண்டிக்கு வண்டி இந்த நம்பர் கொஞ்சம் மாறும், சங்கதி ஒன்றுதான். அதுவரை எஞ்ஜினுக்கு அடிமையாக இருந்த காத்தாடிக்குச் சொந்தப் புத்தி வந்தது. சொந்தப் புத்தி வந்தால் சொந்தமாகக் கெட்டுப்போகவும் வழி வந்துவிடுகிறது அல்லவா?

போன தீபாவளிக்குப் பத்து நாள் முந்தி. என் காருக்குப் பன்னிரண்டு வயசு. கை மாறி வந்தது. கம்பெனிப் பேர் வேண்டாம், அதன் மேல் குற்றமில்லை. மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்குப் புறப்பட்டேன். அத்தைக்கு சுகர் டெஸ்ட், அப்படியே தீபாவளிச் சேலை. டெஸ்ட்டை முதலில் வைத்தால் சேலைக்கு மனசு வராது என்று அத்தை வரிசையை மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கரிசல் காடு, கருவேல மரம், இடையிடையே வேலி போட்ட ஆலைகள். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே அத்தனை தூரம் விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஒன்று போனாலும் அடுத்தது மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு. வழி முழுக்க முள் நடுவில் ஆடாமல் நின்றது. ஊருக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தது சோதனை. தீபாவளிக்கு முன் சிவகாசியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் அத்தனை நம்பர் பிளேட்டும் பட்டாசு வாங்க அங்கே வந்து நிற்கும். லாரி ஆபீஸ்களில் லோடு ஏறும். ஆமை வேகத்தில் நகர்ந்து ஒரு ரயில்வே கேட்டில் போய் நின்றோம். கேட் மூடியிருந்தது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஏசிக் காற்று வெதுவெதுப்பானது. கீழே பார்த்தால் முள் நடுவை விட்டு எழுந்திருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் முள் ஒரு சாதுவான பிராணி. தண்ணீரின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி முன்னே பின்னே போனாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள், ஓட்டுகிறவன் பதறக் கூடாது என்று. அது எழுந்து நிற்கிறது என்றால் விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். பல புதுக் கார்களில் முள்ளே கிடையாது. வண்டி குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. நடுவில் மௌனம்.

"மாமா, முள் ஏறுது."

"ஏசிய அமத்து. ரேடியோவையும் அமத்து. காத்தாடி சத்தம் கேக்குதா பாரு."

கேட்டோம். எஞ்ஜின் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு வேன்காரரின் ஹார்ன் சத்தம் கேட்டது. 'ஊஊ...' என்ற அந்த ஊளைச் சத்தம் மட்டும் இல்லை.

"ஹீட்டர் இருக்கா இதுல?"

இருக்கிறது. நம் ஊரில் காரில் ஹீட்டர் என்பது வீட்டில் கம்பளிக் கோட்டு மாதிரி. யாரும் தொட்டதில்லை. திருகைச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பச் சொன்னார். ப்ளோயரைக் கடைசி வேகத்தில் வைக்கச் சொன்னார். நாலு கண்ணாடியையும் இறக்கச் சொன்னார். அனல் அடித்தது பாருங்கள்! பின் சீட்டிலிருந்து அத்தை எழுந்தே விட்டார்.

"ஊரே வேகுது... இதுல நீங்க ரெண்டு பேரும் அடுப்பை வேற மூட்டுறீகளா? டாக்டர்ட்ட போற வரைக்குமாச்சும் உசுரோட விடுங்கய்யா!"

"சும்மா இரு. நம்ம வேகலைன்னா வண்டி வேகும்."

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் ஒளிந்திருக்கிறது. ஹீட்டரைப் போட்டால் எஞ்ஜினின் வெந்நீர் அதற்குள் ஓடும். அந்தச் சூட்டை ப்ளோயர் நம் முகத்தில் கொட்டும். பெரிய காத்தாடி படுத்துவிட்டால் இந்தச் சின்னக் காத்தாடி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஏறிக்கொண்டிருந்த முள் தயங்கி நின்றது. அதற்கு மேலும் ஏறியிருந்தால் அங்கேயே எஞ்ஜினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார் மாமா. நல்ல வேளை, ரயில் போனது. கேட் திறந்தது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் முள் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக இறங்கியது.

"பாத்தியா? நின்னா ஏறுது, ஓடினா இறங்குது. அப்போ தண்ணில கோளாறு இல்ல. காத்தாடிதான்."

கார் வைத்திருப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டிய வரி அது. டிராஃபிக்கில் சூடாகி ஹைவேயில் ஆறினால் சந்தேகம் ஃபேன் மேல். தலைகீழாக, ஹைவேயில் ஓட ஓடச் சூடேறினால் ஃபேனைத் திட்டாதீர்கள். தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் மெக்கானிக் உங்களை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார். பில்லிலும் அது தெரியும்.

உடனே நிறுத்திவிடலாம் என்றேன். மாமா விடவில்லை. வலது பக்கம் வரிசையாகப் பட்டாசுக் கடைகள். அதைத் தாண்டினால் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். சைலன்சர் சூடு காய்ந்த புல்லில் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பது எந்த ஊரிலும் நிஜம். எங்கள் ஊரில் அதற்கு அடுத்த வரியும் உண்டு. வெறும் தரையாக ஒரு புளியமரத்தடி கிடைக்கும் வரை ஓட்டவைத்துத்தான் நிறுத்தச் சொன்னார்.

பானெட்டைத் திறந்தோம். நம் ஜனங்களுக்கு உதவும் மனசு அதிகம். எங்கிருந்தோ ஓர் இளைஞர் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலும் மறு கையில் துணியுமாக ஓடி வந்தார்.

"தள்ளுங்கண்ணே, மூடியத் திறந்து தண்ணிய ஊத்திருவோம். அஞ்சு நிமிசத்துல ஆறிரும்."

மூடியில் கை வைக்கும் முன் மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அறுபத்தெட்டு வயசில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ!

"தம்பி, கைய எடு."

"சும்மா லேசாத்தாண்ணே..."

மாமா பேசவில்லை. வலது சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழவழவென்று, வேறு நிறத்தில். சின்ன வயசிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் போல நானும் அதைப் பட்டாசுக் காயம் என்றே நினைத்திருந்தேன். இந்த ஊரில் அப்படி ஒரு கையைப் பார்த்தால் யாரும் 'எப்படி?' என்று கேட்பதில்லை. 'எந்த வருஷம்?' என்றுதான் கேட்பார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம் என்று தேதியை ஊர்ப் பேரோடு சேர்த்துச் சொல்கிற பிரதேசம் இது. அந்த இளைஞரும் அதையேதான் கேட்டார்.

"எந்த ஆலையிலண்ணே?"

"ஆலையில இல்ல தம்பி. வெந்நி. கயத்தாறு பக்கம் லாரி கொதிச்சு நின்னுச்சு. உன்னைய மாதிரிதான், லேசாத்தான் திருகினேன். ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. மொகத்துல பட்டிருந்தா உங்க அத்தையே ஏத்துக்கிட்டிருக்க மாட்டா" என்று கடைசி வரியை என் பக்கம் திருப்பினார். டீக்கடை பெஞ்சிலிருந்து அத்தை, "ஆமா, இப்ப மட்டும் என்ன அழகு வடியுது" என்றார்.

எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 பார் என்று போட்டிருக்கும் மூடி சரியாக இருந்தால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 118 வரை கொதிக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. நீங்கள் மூடியைத் திருகிய மறுவினாடி அழுத்தம் போய்விடுகிறது. இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கொதித்து ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுசும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அதற்குக் கிடைக்கிற ஒரே இடம் உங்கள் முகம். கொதிக்கிற எஞ்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது இன்னொரு வைபவம். அலுமினிய ஹெட் விரிசல் விடலாம், வளைந்துபோகலாம். அப்புறம் ஹெட் கேஸ்கட் போய், எண்ணெயில் தண்ணீர் கலந்து, எஞ்ஜின் ஆயில் டீக்கடைப் பால் டீ நிறத்துக்கு வந்துவிடும். அந்த டீக்கு விலை முப்பதாயிரம்!

முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அத்தை இரண்டு வடை சாப்பிட்டார். (சுகர் டெஸ்ட் அன்றோடு ரத்து.) ஆறிய பிறகு பார்த்தால் தண்ணீர் அளவு சரியாகத்தான் இருந்தது. மாமா சொன்னது சரி. கண்ணாடியை இறக்கி, ஹீட்டரோடு, நிற்காமல் ஓட்டி ஒரு ஒர்க்‌ஷாப்பைப் பிடித்தோம்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது ஒரு பொடியன். பத்து வினாடி எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"டைரக்ட் பண்ணிரலாம்ணே."

'டைரக்ட்' என்றால் பாரதிராஜா சமாச்சாரம் இல்லை. சென்ஸார், ரிலே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சாவியைத் திருகினாலே ஃபேன் ஓடும்படி ஒயரை இழுத்து விடுவது. தென்தமிழ்நாட்டின் தேசிய வைத்தியம். அவசரத்துக்கு வீடு போய்ச் சேர இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிரந்தரமாக விட்டால், ஓய்வில்லாமல் சுற்றிச் சுற்றி மோட்டார் சீக்கிரம் தேய்கிறது. ஃபேன் இழுக்கிற கரண்ட் பத்துப் பதினைந்து ஆம்பியர். ரிலேயும் தனி ஃபியூஸும் இல்லாமல் ஏதோ ஒரு மெல்லிய ஒயரில் இதை ஓடவிட்டால் அந்த ஒயர் என்ன ஆகும்? மாமா கேட்டார்: "ஒயர் எரிஞ்சா எங்க எரியும்? பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்துலதான எரியும்?" பொடியன் தலையைச் சொறிந்தான். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரைக் காட்டினான். அவர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்.

அந்தப் பெரியவர் வேலை செய்ததைப் பார்க்க டிக்கெட் போடலாம். எதையும் கழற்றவில்லை. என்னை உட்காரவைத்து ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டவுடன் ஃபேன் ஓட வேண்டும் என்பது இந்த மாதிரிக் கார்களில் விதி. ஓடவில்லை. ஃபியூஸைப் பார்த்தார். சரி. ரிலே மேல் விரலை வைத்தார், 'டிக்' என்றது. சரி. மோட்டார் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார், எரிந்தது. ஆக கரண்ட் வாசல் வரை வருகிறது, உள்ளே போகவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் மோட்டாரின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். 'ஊஊ...' என்று கிளம்பியது காத்தாடி!

"கார்பன் தேஞ்சிருச்சு. தட்டினா ஓடும். நாளைக்கும் தட்டினா ஓடும். நாளான்னிக்குத் தட்டினா ஓடாது."

மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்து, தொடாமல் நிற்கிறது. தட்டினால் தொடுகிறது. சில குமாஸ்தாக்கள் மாதிரி. (தட்டும்போது கையை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். எஞ்ஜின் நின்றிருந்தாலும் சில கார்களில் இந்தக் காத்தாடி சொல்லாமல் கிளம்பும். விரலுக்கு உத்தரவாதம் இல்லை.)

புது மோட்டார் மாட்டினார்கள். கையோடு கூலண்ட்டையும் மாற்றிவிடலாம் என்று குழாயைக் கழற்றினால் இன்னொரு ஆச்சரியம். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவரின் மெக்கானிக் 'நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?' என்று கழற்றி எறிந்திருக்கிறார். இதுவும் நம் பக்கத்து நம்பிக்கைகளில் ஒன்று. தெர்மோஸ்டாட் சூடேற்றும் கருவி அல்ல, வாயிற்காவலன். தண்ணீர் 82, 88 என்று அதற்குரிய டிகிரி வரும் வரை ரேடியேட்டர் பக்கம் விடாது. எஞ்ஜின் சீக்கிரம் அதன் சரியான சூட்டுக்கு வந்தால்தான் எண்ணெய் சரியாக ஓடும், பெட்ரோல் ஒழுங்காக எரியும். இது இல்லாவிட்டால் வண்டி இன்னும் குளிராகவே இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி விடும். 'மைலேஜே இல்லையே' என்று ஒரு வருஷமாக நான் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததற்கு விடை கிடைத்தது.

ரேடியேட்டருக்குள் வெள்ளைவெள்ளையாகப் படிந்திருந்ததைப் பெரியவர் சுரண்டிக் காட்டினார். போர் தண்ணீரின் உப்பு. வெந்நீர் அண்டாவின் அடியில் பாருங்கள், அதே சரக்கு. சூட்டைக் கடத்த வேண்டிய சுவருக்கு நாமே சுண்ணாம்பு அடித்த மாதிரி. சுத்தப்படுத்திவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றினார். மிச்சக் கூலண்ட் டப்பாவை மாமா பத்திரமாக மூடி உயரத்தில் வைத்தார். அது தித்திப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

எல்லாம் முடிந்து கிளம்பப் போனால் மாமா நகரவில்லை. ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். (சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்!) ஏசியைப் போடச் சொல்லிக் காரின் முன் கிரில்லில் தாளை வைத்துக் கையை எடுத்தார். 'சப்'பென்று ஒட்டிக்கொண்டு நின்றது தாள், ராகு காலம் எமகண்டத்தோடு.

"உள்ள இழுக்குது. சரி. ஒயரை மாத்திக் குடுத்திட்டா காத்தாடி எதிர்ப்பக்கமா சுத்தும். சத்தம் வரும், சுத்துற மாதிரியே இருக்கும், ஆனா காத்த வெளிய தள்ளும். அந்தக் கொடுமையையும் பாத்திருக்கேன்."

எலெக்ட்ரீஷியன் பெரியவர் முதல் தடவையாக மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எந்தூரு அண்ணாச்சி?" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அரை மணி நேரம் 1210 லாரியைப் பற்றிப் பேசினார்கள். நானும் அத்தையும் வேடிக்கை பார்த்தோம்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு நிமிஷ வேலை. ஏசியைப் போடு, சத்தம் கேள், காலண்டர் தாளை வை. போன மாதம் என் ஃபிளாட் வாட்ச்மேன் மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். "ஸார், வண்டிய ஆஃப் பண்ண மறந்துட்டீங்க. உள்ள என்னமோ ஓடுது." பக்கத்து ஃபிளாட்காரரின் புதுக் கார். எஞ்ஜின் நின்ற பிறகும் ஆறுகிற வரை ஒன்றிரண்டு நிமிஷம் காத்தாடி ஓடுகிற ரகம். அவரிடம் சொன்னேன், நிம்மதியாக இறங்கிப் போனார். எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிற நண்பர் ஒருவர் 'எனக்கு இந்தத் தொல்லையே இல்லையே' என்று சிரித்தார். ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நின்றார். பேட்டரியை ஆறவைக்க உள்ளே காத்தாடி ஊளையிட்டதைக் கேட்டுவிட்டு எனக்கு போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை.

அன்றைய பில்: மோட்டார், தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துச் சொச்சம். முப்பதாயிரத்து டீயோடு ஒப்பிட்டால் லாபக் கணக்குதான். ஒரே நஷ்டம், நாங்கள் வெளியே வந்தபோது ஜவுளிக் கடையில் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புதுப்பட்டி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சேலைக்கு நா நாளைக்கு பஸ்ஸுலயே போயிக்கிறேன்யா. அதுல ஹீட்டர் கிடையாது."

"டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல மட்டும் உக்காந்திராதீக அத்தை" என்றேன்.